பின்வீட்டு மேளம்

என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் பிறந்து, முப்பது வருடம் பேங்க்கில் உட்கார்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர். நடுவில் பயிற்சிக்கு என்று லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே யாரோ ஒரு பணக்காரர் தன் கிராமத்து மாளிகைத் தோட்டத்தில் ஓப்பரா என்கிற பாட்டு நாடக விழா நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்த பைத்தியம். ஓய்வு பெற்ற கையோடு ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் ஒரு பழைய பங்களாவை வாங்கி, வருடா வருடம் ஓப்பரா விழா என்று ஆரம்பித்துவிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகினால் மனுஷன் திரும்பிப் பார்க்கமாட்டார். மேடைத் திரைக்கு எந்தச் சிவப்பு என்று மட்டும் ஒரு வாரம் யோசிப்பார்.

ஓப்பராவில் மைக் கிடையாது, வெறும் தொண்டைதான். ஒரு நாய் குரைத்தால் போச்சு. அதனால் ஒவ்வொரு வருடமும் விழாவுக்கு முந்தின நாள் நான் கேக் எடுத்துக்கொண்டு பின்கேட் வழியாகப் பின்வீட்டுக் கார்த்திகேசுவிடம் போவேன். "நாளைக்கு சாயங்காலம் கொஞ்சம் சத்தம் இல்லாம பாத்துக்கங்க தம்பி" என்பேன். பிறை டவுனில் தொழிற்சாலை வேலை அவருக்கு. தங்கமான மனுஷன். விழா நாளில் டிவியை அணைத்துவிடுவார், மோட்டார் சைக்கிளைக்கூட ரோடு வரை தள்ளிக்கொண்டே போவார்.

அவருடைய அம்மா வள்ளியம்மா மட்டும் வேலியோரம் நாற்காலி போட்டு எங்கள் நாடகத்தைப் பார்ப்பார். "ஏன் பேங்க்கு தம்பி, சாகப் போறவ இம்புட்டு சத்தமாவா பாடுவா?" என்று போன வருடம் கேட்டார். கிளிஃபர்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த வருடம் அந்த நாற்காலியைக் காணோம். கவனித்தேன், சாப்பாட்டு வேலையில் மறந்தும் போனேன்.

இடைவேளையில் விருந்தாளிகள் கோட்டும் நீள கவுனுமாகப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்கேட்டில் கார்த்திகேசு வந்து நின்றார். காலில் செருப்பில்லை.

"அண்ணே, அம்மா மத்தியானமே போயிட்டாங்க. நீங்க வேலையா இருந்தீங்க, சொல்ல வரல."

கிளிஃபர்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டர்வொர்த்துலேர்ந்து மேளக்காரங்க வந்துட்டாங்க. உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிக்கலாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். உங்களோடது எப்பண்ணே முடியும்?"

'எங்களதை நிறுத்திட்டோம், நீ அடி தம்பி' என்று சொல்லவேண்டிய இடம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளிஃபர்ட் மேடையைப் பார்த்தார், புல்வெளியைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம்தான் லா, தம்பி."

"சரிண்ணே" என்று கார்த்திகேசு போய்விட்டார். நான் கறி பஃப் தட்டோடு மரம் மாதிரி நின்றேன். ஊர் வம்புக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள், அப்போது பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் கதாநாயகிக்கு நோய். சாகிறாள், சாகிறாள், செத்தபாடில்லை. முன்வரிசையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்தில் கிளிஃபர்ட் மேடையையே பார்க்கவில்லை. பின்வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் நிறுத்துங்கள் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். நானும் எழுந்திருக்கவில்லை.

ஒருவழியாகத் திரை விழுந்தது. கைதட்டல் அடங்கியதுதான் தாமதம், பின்வீட்டில் மேளம் எழுந்தது, கூடவே பெண்களின் அழுகை. விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்து யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். கிளிஃபர்ட் மேடைக்கு ஓடி, தட்டாதீர்கள், அது சாவு வீடு என்று கத்தினார். மைக் இல்லை. ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவர் கோட்டோடும் நான் பட்டுச் சேலையோடும் பின்கேட்டைத் தாண்டினோம். கார்த்திகேசு அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். வேலியோரம் போடும் அதே நாற்காலியைத் தூக்கிவந்து கிளிஃபர்ட்டுக்குப் போட்டார். கிளிஃபர்ட் உட்காரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்றார். மேளச் சத்தத்தில் அது கார்த்திகேசுவுக்குக் கேட்கவில்லை. அவர் கிளிஃபர்ட் காதருகே வந்தார்.

"நாடகம் நடக்கறப்ப அழுகைச் சத்தம் ஏதும் அங்க வந்துச்சாண்ணே? சின்னப் புள்ளைங்க, சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க. வாயப் பொத்தி வச்சிருந்தோம்."