அரைவேக்காட்டுப் பாறை

எண்ணெய்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பாறை டாக்டர் என்று பெயர். இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்து வரும் களிப்பாறைத் துண்டை மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பாள். பாறைக்குள் சிக்கிய ஆதிகால மரத்துணுக்குகள் எந்த அளவுக்குப் பளபளக்கின்றனவோ, அந்த அளவுக்கு அந்தப் பாறை தன் ஆயுளில் சூடு கண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்குவமான சூடு பட்டிருந்தால்தான் உள்ளே எண்ணெய் ஊறியிருக்கும்.

புதுக் கிணற்றின் துண்டில் துணுக்குகள் அழுது வடிந்தன. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மேலாளரிடம் போனாள்.

“சார், இந்தப் பாறை இன்னும் வேகலை. அரைவேக்காடு.”

“வேக எவ்வளவு நாளாகும்?”

“மேல இன்னும் ஒரு கிலோமீட்டர் மண் படியணும், பாறை கீழ இறங்கணும், தானா சூடேறணும். ரெண்டு கோடி வருஷம் ஆகும் சார்.”

“லீவு நாளைச் சேர்த்தா, சேர்க்காமயா?”

நக்கல் அடிக்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தாள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சேர்த்துதான்,” என்றாள்.

அடுத்த வாரமே ‘பக்குவப் பிரிவு’ தொடங்கப்பட்டு, அவள் அதன் தலைவியானாள். கிணற்றோரம் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி, கிணற்றுக்குள் கம்பியில் இறக்கிய வெப்பமானி. மண் படிவதைத் துரிதப்படுத்த லாரியில் மணலும் வந்தது.

“எங்கம்மா கொட்டணும்?” என்றார் டிரைவர்.

“பாறைப் படுகை மேல பரவலா.”

“படுகை எதுவரைக்கும் இருக்கு?”

“கடல் வரைக்கும்.”

டிரைவர் சற்று யோசித்துவிட்டு, கக்கூஸுக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். கணவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “ரெண்டு கோடி வருஷத்துக்கு வேலைக்கு ஆபத்தில்லையா? அப்ப வாயை மூடிக்கிட்டு இரு,” என்றான். நாத்தனாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: “நடுவுல பிரமோஷன் உண்டா அண்ணி?”

தினமும் வெப்பமானியைப் பார்த்தாள். எழுபது டிகிரியிலிருந்து அது இம்மி நகரவில்லை. ‘நிலைமை சீராக உள்ளது’ என்று மேலாளர் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார். பாராட்டு வந்தது. கூடவே இயக்குநரும் வந்தார்.

கொட்டகைக்குள் நின்றபடியே அவர் சொன்னார்: “ரெண்டு கோடி ரொம்ப ஜாஸ்தி. சூட்டைக் கூட்டி ஒரு கோடியில முடிங்க.”

இந்தக் கூத்தைக் கலைக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எவ்வளவு காலமாக அந்தப் பாறை தன்பாட்டுக்குக் கிடக்கிறது!

“சூடு மிஞ்சினா எண்ணெய் நிக்காது சார், வெறும் வாயுவாப் போயிடும். அதுக்கும் மேல போனா கரிதான். அவசரத்துல அண்டாக்குள்ளகூடக் கை நுழையாது. ஆக்கப் பொறுத்தவங்க ஆறவும் பொறுக்கணும்.”

இயக்குநர் முகம் மாறியது. மேலாளர் பக்கம் திரும்பினார். “ஆறுறதுக்கும் டைம் வேணுமா? அதை ஏன் திட்டத்துல சேர்க்கலை?”

நின்ற இடத்திலேயே ஆறுவதற்கு இன்னொரு கோடி வருடம் ஒதுக்கப்பட்டது. ‘ஆறும் பிரிவு’க்கு மேலாளரே பொறுப்பாளர்.

மறுநாள் காலை அவர் சாப்பாட்டுப் பையும் நாற்காலியுமாகக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். பாறை வெந்து முடியும்வரை அவருக்கு வேலையில்லை. மத்தியானம்வரை மணல் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையைச் சொல்லும்மா. இது நடக்கிற காரியமா?”

“கண்டிப்பா நடக்கலாம் சார். பாக்கறதுக்கு நாமதான் இருக்கமாட்டோம்.”

மனப்பாரம் இறங்கியவராக அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“அப்ப மாத்து ஆளுக்குச் சொல்லி வச்சிடறேன்.”