காயாத நீலம்

லிஃப்ட் மெக்கானிக்குக் காத்திருக்கத் தெரியாது. பொத்தானைப் பத்துத் தடவை குத்துகிறவர்களிடம், "ஒரு தடவை அமுக்கினாப் போதும் சார், அமுக்க அமுக்க அது ஓடி வராது" என்று நாள் முழுக்கப் பாடம் எடுப்பார். வீட்டுக்கு வந்தால் கொதிக்கிற பாலை வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொள்வார். கல்யாணமான வாரமே மாமனார் வீட்டில் அவருக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தாகிவிட்டது.

அந்த அவசரம்தான் நாலு மாதத்துக்கு முன்னால் வினையானது. வீடு மாற்றியபோது, மூலையில் உறையோடு சாய்ந்திருந்த மகளின் எலெக்ட்ரிக் கிட்டாரையும் பழைய சாமான்களோடு காயலான் கடை வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டார். விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் பதில் சொல்லும்வரை வண்டிக்காரன் நிற்கமாட்டான் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து மகள் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். "சாப்பிட்டியா" என்று இவர் செய்தி அனுப்பினால் மறுநாள் ஒரு "ம்" வரும். அந்த ஒற்றை எழுத்தை அவர் நாலு தடவை திறந்து பார்ப்பார்.

இந்தச் சனிக்கிழமை அவள் வருகிறாள், ஒரே ஒரு ராத்திரி தங்க. அதற்குப் பிறகு பரீட்சை முடியும்வரை வரமாட்டாளாம். விட்டால் பிடிக்க முடியாது என்று மனிதர் கிட்டாரை நாமே பூட்டிக்கொள்கிற ஒரு கிட் வாங்கினார். பெட்டிக்குள் மர உடம்பு ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம், காந்தச் சுருள், ஒயர், திருகு, ஆறு கம்பி. ஒயர் வேலை அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரே உட்காரலில் பற்றவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார். மரத்தை உப்புத்தாளால் இழைத்து, பிரைமர் அடித்து, பழைய கிட்டாரின் அதே நீலத்தைத் தேடிப் பிடித்து ஸ்ப்ரே செய்தார். மேலே பளபளப்புப் பூச்சும் அடித்த பிறகுதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். முழுக்கக் காய இருபத்தோரு நாள் என்று போட்டிருந்தது. சனிக்கிழமைக்கு இருந்ததோ ஆறு நாள்.

"டப்பாக்காரன் அப்படித்தான் சொல்லுவான்" என்றார்.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்றாள் மனைவி.

பால்கனிக் கொடியில் இரண்டு துண்டுகளுக்கு நடுவே நீல உடம்பு தொங்கியது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரை மணிக்கு ஒருதரம் போய் விளிம்பில் விரலை வைப்பார். ரேகை பதியும். ஐயோ என்று தேய்த்து மறுபடி அடிப்பார், மறுபடி தொடுவார். வேலைக்குப் போன இடத்தில் கருவிப் பையை விட்டுவிட்டு வந்தார். சாப்பாட்டில் கை வைத்தபடி பால்கனியையே பார்த்தார்.

"ஏங்க, அது என்ன லிஃப்ட் பட்டனா? சும்மா சும்மா அமுக்கறீங்க?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரல் வைத்தால் ஒட்டவில்லை. அவ்வளவுதான், கழுத்தைத் திருகி, கம்பி கட்டி, சிவப்பு வெல்வெட் வைத்த பெட்டியில் படுக்க வைத்து மூடிவிட்டார்.

சனிக்கிழமை காலை மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டியை அவள் முன்னால் தள்ளினார். அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு குனிந்து திறந்தாள். நீலத்தைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் இளகியது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். கிட்டாரோடு பெட்டியும் எழுந்து வந்தது. இழுத்தாள். பர்ரென்று சத்தம். முதுகு முழுக்கச் சிவப்பு மயிர் அப்பிக்கொண்டு வந்து நின்றது கிட்டார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே காயவில்லை.

"அன்னிக்கு என்னைக் கேக்காமத் தூக்கிப் போட்டீங்க. இன்னிக்குக் காயாமத் தூக்கிக் குடுக்கறீங்க. உங்களுக்கு என்னப்பா அவ்வளவு அவசரம்?"

நாலு மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம்.

"கேக்காமப் போட்டது தப்பும்மா. பெரிய தப்பு."

இதைச் சொல்ல மட்டும் அவர் அவசரப்படவே இல்லை, நாலு மாதம் எடுத்துக்கொண்டார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டாரின் முதுகை ஆராய்வதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உப்புத்தாள் எங்க?" என்றாள்.

கம்பியையும் கழுத்தையும் கழற்றிவிட்டு, மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் பால்கனியில் எதிரெதிரே உட்கார்ந்து தேய்த்தார்கள். மூக்கு, புருவமெல்லாம் நீலத் தூள். "அழுத்தாதீங்கப்பா" என்று அவள் ஐம்பது தடவையாவது அதட்டியிருப்பாள். சாயங்காலம் அவளே ஸ்ப்ரே அடித்து, அவளே கொடியில் மாட்டினாள். பிறகு போனை எடுத்து நாள் எண்ணினாள்.

"இருபத்தோரு நாள்ல வரேன். கம்பியை நான்தான் மாட்டுவேன்."

"பரீட்சை?" என்றாள் அம்மா.

"புக்கை எடுத்துட்டு வரேன்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அதுவரைக்கும் விரல் படக்கூடாது. பட்டுதுன்னா ரேகை காட்டிக் குடுத்துடும்."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் நேரே பால்கனிக்குப் போனார். நீலம் ஈரமாகத்தான் தெரிந்தது. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டார்.

"என்ன பண்றீங்க அங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் பண்ணல. நின்னுக்கிட்டு இருக்கேன்."

இன்னும் இருபது நாள் இருந்தது.