அடிக்கோடு இல்லாத எண்

நாற்பத்தொரு நாளும் ஆறு மணி நேரமும். என் கட்டிலுக்கு அடியில், பழைய போர்வை சுற்றிய கண்ணாடி ஜாடியில், அந்த ஒயின் அவ்வளவு நேரம் கிடந்தது. விதையில்லாத பச்சைத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட். நிறம் காய்ச்சல்காரர் முகம் போல வெளிறி இருந்ததால் இன்னொன்றும் சேர்த்தேன். அது என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் ஈரப்பதம் பார்க்கிறவள். பிஸ்கட்டைப் பொடித்து, எடை போட்டு, அடுப்பில் வைத்து, திரும்ப எடை போட்டு, எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று எழுதுவேன். இந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை. சேர்ந்ததும் அதனால்தான். இரண்டு வருடம் கழித்து, வெளியே வர ஆசைப்பட்டதும் அதனால்தான்.

பக்கத்து அறையில் ருசி பார்க்கும் குழு உட்காரும். ஆறு நாற்காலி. அதில் ஒன்று காலியாகியிருந்தது. குழுவின் தலைவருக்கு நாக்கு என்று பெயர். உப்பு ஒரு கல் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் ஊரே வைத்த பெயர் என்று அவர் சொல்வார். அவரே வைத்துக்கொண்டது என்று அவர் மனைவி சொல்வார்.

வெள்ளிக்கிழமை நான் அடுப்புக்குப் பின்னால் குனிந்திருந்தபோது அவர் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது.

“மியூட்டைப் போடலாம்தான். மூக்கு நல்ல மூக்கு. ஆனா பேனல்ல உக்காந்தா வாயத் திறக்கணும்ல. எண்ணெய் சிக்கடிக்குதுன்னு அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள பிஸ்கட்டு கடைக்கே போயிரும்.”

மியூட்டு நான்தான். திங்கட்கிழமை காலை அந்தக் காலி நாற்காலிக்கு அவர் ஒரு பெயரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். படிவம் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது. பெயர் எழுதும் இடம் இன்னும் காலி.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாக்கு அண்ணாவின் மனைவியுடைய பல் மருத்துவமனையில் கூடுவோம். பூட்டிய கதவு, நல்ல வெளிச்சம், துப்புவதற்குத் தண்ணீர் சுழலும் பேசின். ருசி பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. டாக்டர் அண்ணி வாரம் முழுக்க இனிப்பு தின்னாதீர்கள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு மட்டும் நான்கு வகை சாக்லேட் கொண்டுவருவார். நான்காவது ஆள் கூரியர் கம்பெனியில் இருப்பவர். பார்சல் என்று கூப்பிடுவோம். எது கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்.

ஆளுக்கொரு ஒயின் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். பல் டாக்டர் வாய் கொப்பளிக்கத் தரும் சின்னக் காகிதக் கப்பில் நான் ஊற்றுவேன். எந்தக் கப்பில் எது என்று தெரியாமலிருக்க, அடியில் மூன்று இலக்க எண் ஒட்டுவேன். மதிப்பெண் கூட்டுவேன். கப்புகளைக் குப்பையில் போடுவேன். குடிப்பதில்லை. எண் தெரிந்தவள் குடிக்கக் கூடாது.

இந்த முறை அண்ணிக்கு நேரமில்லை. “என் பேர்ல நீயே ஒண்ணு வாங்கிட்டு வந்துடும்மா” என்றிருந்தார். நான் வாங்கவில்லை. ஜாடியைச் சாய்த்து ஒரு பழைய பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றால், என்னுடையது என்று வாயைத் திறந்து சொல்வது என்று முடிவு. பேருந்தில் போகும்போது பன்னிரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். எல்லாம் மனதுக்குள்.

அண்ணாவின் பாட்டிலுக்கு 891. என்னுடையதற்கு 168. பார்சலுக்கு 430. வட்டமான ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினேன்.

முதலில் உப்பு பிஸ்கட், முந்திரி, சிப்ஸ். பிறகு சாக்லேட். அண்ணா சிப்ஸ் எடுக்கிற சாக்கில், எந்தப் பாட்டிலுக்கு எந்த எண் என்று எழுதிய என் தாளை ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்குச் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

ஒயின் வந்ததும் அண்ணா நோயாளி நாற்காலியில் ஏறிச் சாய்த்துக்கொண்டார்.

“ஏங்க, அது என் பேஷன்ட்டு உக்கார்ற இடம்.”

“உன் பேஷன்ட்டெல்லாம் பயந்து உக்கார்றாங்க. ஒருத்தனாவது ரசிச்சு உக்காரட்டும்.”

படுத்தபடியே ஒரு கப்பைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

“எட்டு ஒம்பது ஒண்ணு. எழுதிக்க மியூட்டு. மழை பெஞ்சு முடிஞ்ச மண்ணு வாசனை. இது சாதாரண தோட்டத்துல வராது. ஒம்பது மார்க்கு.”

அடுத்ததைக் குடித்து பேசினில் துப்பினார்.

“நூத்தி அறுபத்தெட்டு. இருமல் மருந்து. மூணு. அதுவும் கப்புக்காக.”

மூன்று என்று எழுதினேன். நாற்பத்தொரு நாள். இருமல் மருந்து.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து குடித்தார். “எனக்கு நூத்தி அறுபத்தெட்டுதான் பிடிச்சிருக்கு. எட்டு ஒம்பது ஒண்ணுதான் மருந்து மாதிரி இருக்கு.”

“பல்லைப் பாக்குறவங்களுக்கு நாக்கைப் பத்தி என்ன தெரியும்.”

பார்சல் தன் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “மியூட்டு, எனக்கு ரெண்டு நூத்தி அறுபத்தெட்டு குடுத்திருக்க. ஒண்ணுக்கு எட்டு போட்டிருக்கேன், ஒண்ணுக்கு நாலு. ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் கப்புகளை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றை மெல்லத் திருப்பினேன். 168 என்பது 891 ஆயிற்று.

ஆறோ ஒன்பதோ வந்தால் எண்ணுக்கு அடியில் கோடு போட வேண்டும். லேபில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். இரண்டு வருடத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. மறந்தது, என் சொந்தச் சரக்கு இருந்த அன்றைக்குத்தான்.

அண்ணி எட்டிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “அப்போ படுத்துக்கிட்டுப் பாத்தவரு எல்லாத்தையும் தலைகீழாப் பாத்திருக்காரு.”

“அதெல்லாம் இல்ல” என்றார் அண்ணா, நாற்காலியை நிமிர்த்தி. “நம்பர் என்ன நம்பர். எட்டு ஒம்பது ஒண்ணு என்னோடது. அந்த மண்ணு வாசனை என் பாட்டில்தான்.”

“எட்டு ஒம்பது ஒண்ணு உங்களுதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?”

பார்சல் முந்திரித் தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

“உள்ளுணர்வு” என்றார் அண்ணா.

அண்ணி அவர் பாட்டிலிலிருந்தே கொஞ்சம் ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார். குடித்ததும் அவர் முகம் கோணியது. ஆனாலும் விடவில்லை. “திறந்து அரை மணி ஆச்சு. காத்து பட்டா மாறும். அந்த ஒம்பது மார்க்கு கப்புல இருக்கறது இதேதான்.”

இப்போது நான் பேசியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கை வந்தது. பல்லை மெருகேற்றும் சாமான்கள் வைத்த அலமாரியில் சோடா பொடி இருக்கும் என்று தெரியும். இரண்டு கப்பில் ஒவ்வொரு சிட்டிகை போட்டேன். ஒன்றில் அண்ணாவின் பாட்டிலிலிருந்து ஊற்றினேன். இன்னொன்றில் அவர் ஒன்பது கொடுத்த கப்பின் மிச்சத்தை ஊற்றினேன்.

இரண்டும் நுரைத்தன. அண்ணாவின் ஒயின் சிவப்பிலிருந்து கறுத்து, பாசி படிந்த தொட்டித் தண்ணீர் போலப் பச்சையாயிற்று. மற்றது சிவப்பாகவே நின்றது.

பார்சல் தட்டை இறக்கினார். “அண்ணே, உங்களுது பச்சோந்தி.”

“சிவப்புத் திராட்சைத் தோல் சாயம் சோடாவுல பச்சையாத்தான் மாறும்” என்றார் அண்ணா. படித்தவர்தான். பிறகு மற்ற கப்பை விளக்குக்கு நேராகப் பிடித்தார். கண்ணில் கேலி இல்லை. உண்மையான பசி இருந்தது. “அப்போ இது திராட்சைத் தோல் சாயமே இல்ல. ஆனா மண்ணு வாசனை இருக்கு. நான் பொய் சொல்லல, சத்தியமா இருக்கு. என்னது இது? எந்தக் கடை?”

“நான் மியூட்டைத்தான் வாங்கச் சொன்னேன்” என்றார் அண்ணி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்டிக்கர் தாளைப் பார்த்தேன்.

அண்ணா சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து, கருவித் தட்டின் மேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். “இந்த வாசனை எங்கிருந்து வருதுன்னு யாரு வாயத் திறந்து சொல்றாங்களோ அவங்க பேரை எழுதுறேன். சைகை கூடாது. சோடா கூடாது.”

“விளையாடாதீங்க” என்றார் அண்ணி.

“விளையாடல. நாக்கு மேல சத்தியம்.”

பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது. பேருந்தில் பன்னிரண்டு முறை சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. வேறொன்று வந்தது. என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

“பீட்ரூட்டுண்ணா. ஒயினும் நான் போட்டது, கோடு போடாம விட்டதும் நான்தான்.”