பூப்பைக்கு முடி முளைத்த விவரம்

பல் செட் கட்டுகிறவரின் வீட்டில், குரோஷா ஊசியால் போட்ட தோள்பை ஒன்றுக்கு முடி முளைத்தது. தண்ணீர் வரி ஏறியதும் அதே வாரம்தான் என்பதால், தெருவில் முதலில் வரியைப் பற்றித்தான் பேசினார்கள். பைக்கு முடி முளைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். போயும் போயும் அது சீச்சியின் கையால் போட்ட பை என்பதுதான் கண்றாவி. சீச்சி என்பது பல் செட்காரரின் மனைவிக்குத் தெரு வைத்த பெயர். காலையில் கண் விழித்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். குழாயைக் கழுவிவிட்டுத்தான் அந்தக் குழாயில் கை கழுவுவாள். சோப்புக்கும் ஒரு கழுவல் உண்டு. கணவர் ஊரார் வாயில் எடுத்த பல் அச்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தால், வாசலிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது உதிர்ந்த முடி. ஒருமுறை தட்டில் ஒரே ஒரு முடி கிடந்ததற்காக, விருந்தாளிகள் பசியோடு உட்கார்ந்திருக்கும்போதே சமைத்ததையெல்லாம் பானையோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். பேனைப் பெருமாளாக்குகிறவள் என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவளின் மகளுக்குத்தான் காய்ச்சல் வந்தது. போகும்போது அது முடியையும் கூட்டிக்கொண்டு போயிற்று. சுருட்டை முடி, இடுப்பு வரைக்கும். தலையணையில், சீப்பில், குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் என்று கொத்துக் கொத்தாகக் கொட்டி, கடைசியில் தலை முட்டை மாதிரி ஆகிவிட்டது. மகள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே சுவரெல்லாம் கண்ணாடி, எப்படிப் போவாள்? கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். பெற்றவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். சீச்சி என்ன செய்தாள் தெரியுமா? அடுப்படி இடுக்கியை எடுத்துவந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையணையில் கிடந்த முடியைக் கவ்விக் கவ்விக் காகிதத்தில் போட்டாள். மகள் தூங்கவில்லை.

“செத்த பல்லிய எடுக்குற மாதிரி எடுக்குறியேம்மா” என்றாள்.

அதோடு சரி. அதன் பிறகு அந்த வீட்டில் அம்மா என்ற சொல்லே இல்லை. “அவங்களைத் தட்டை வெச்சிட்டுப் போகச் சொல்லுப்பா” என்பாள் அப்பாவிடம். பக்கத்திலேயே நிற்கிற தாய்க்கு ‘அவங்க’ என்று பெயர். அந்த ஒரு சொல் சீச்சியின் வயிற்றைப் புரட்டிய அளவுக்கு எந்தச் சாக்கடையும் புரட்டியதில்லை. பொது டம்ளரில் எச்சில் தண்ணீர் குடித்தாலும் குடிப்பாளே தவிர, வாய் திறந்து மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது. அதனால் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தாள். மகள் எப்போதோ கேட்டிருந்த பூப்பை. நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு இதழ், அதைச் சுற்றிப் பச்சைச் சதுரம். அப்படிப் பல சதுரங்களைப் போட்டு ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் பை.

வீடெல்லாம் பறந்த முடி உல்லன் உருண்டைகளையும் விடவில்லை. பூவின் நடு வளையத்தை இழுத்து இறுக்கும்போதெல்லாம் நூலோடு ஒரு சுருட்டை முடி எட்டிப் பார்த்தது. சீ என்று பிரித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் முடி. பிரித்துப் போட்டே நூல் பஞ்சாகிவிட்டது. அலுத்துப்போய், மிச்ச நூல் நுனிகளைப் பூவின் முதுகில் சொருகி மறைப்பார்களே, அதோடு முடியையும் சேர்த்துச் சொருகிவிட்டாள். கண்ணில் படாத அசிங்கம் அசிங்கமில்லை என்று அவள் நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஒவ்வொரு பூவிலும் அப்படியே செய்தாள்.

வார்பட்டி வைத்துத் தைத்த மறுநாள் ஒவ்வொரு மஞ்சள் வட்டத்திலிருந்தும் முடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. பல் செட்காரர் கத்தரியால் ஒட்ட வெட்டினார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி வளர்ந்தது. “முடிதானே? பல்லு முளைச்சிருந்தா என் பொழப்புல்ல போயிருக்கும்” என்றார். சீச்சி பையைக் கொளுத்தப் போனாள். வாசல்படியில் மகள் பிடுங்கிக்கொண்டாள். “எங்க போச்சுன்னு பாத்தேன், இங்கதான் இருக்கா?” என்று பையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். மறுநாள் மொட்டைத் தலையோடு, முடிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

முடி என்றால் சும்மாவா? அதற்கு வேர்வை உண்டு, பொடுகு உண்டு. மகள் அதை எண்ணெய் தடவி விரித்துப் போட்டுக்கொண்டு திரிந்தாள். பேருந்தில் அது தோளில் பட்டதென்று ஒரு பெரியவர் பாதி வழியில் இறங்கிப் போனார். பிறகு யாரிடமிருந்தோ பேன் ஏறிற்று. சிக்குப் பிடித்து, ஈரத் துணியைச் சுருட்டி வைத்த வாடை அடித்தது. ஐயோ, அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை கசக்கிறது. சுத்தமாக வா, இல்லையென்றால் வராதே என்று சொல்லிவிட்டார் கடை முதலாளி. மகள் தானே வாரிப் பார்த்தாள். சீப்பு இழுத்த இழுப்பில் பூ நடுவில் வாய் பிளந்தது. வளையத்தைப் பின்பக்கமிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வார வேண்டும். எந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்பது போட்ட கைக்குத்தான் தெரியும்.

“அவங்களை வாரச் சொல்லுப்பா” என்றாள் மகள், சுவரைப் பார்த்து.

சீச்சி கணவரின் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பையைத் திருப்பியதும் பேன்கள் சிவப்பு இதழ்களுக்குள் ஓடி ஒளிந்தன. சீப்பைப் போட்டாள். கையுறைக்குள்ளிருந்த விரலுக்கு முடிச்சு தட்டுப்படவில்லை. இழுத்துவிட்டாள்.

“வலிக்குதும்மா!”

எதிரே நின்ற மகள் தன் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சீச்சி சீப்பைக் கீழே வைத்தாள். கையுறைகளைக் கழற்றினாள். “இப்படி வா, கிட்ட உக்காரு” என்றாள். வெறும் விரல்களைப் பைக்குள் விட்டு, பிசுபிசுத்த முதுகுப் பக்கம் முடிச்சைத் தேடிப் பிடித்தாள். மகள் முகம் சுளித்தபோதெல்லாம் இன்னொரு கையால் அந்தத் தலையைத் தேய்த்துவிட்டாள். தலை வேர்த்திருந்தது. “சீ, என்ன வேர்வைடி இது” என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை, கையைத் துடைக்கவுமில்லை.

வருடங்கள் போயின. மகளின் தலையில் கடைசிவரை முடி முளைக்கவில்லை. பையில் வளர்வது நிற்கவுமில்லை. காலையில் தலைவாரிப் பின்னல் போட்டுக்கொண்டு பை வேலைக்குப் போயிற்று. தண்ணீர் வரி இன்னும் இரண்டு தடவை ஏறியது. பேருந்தில் பெண்கள் “பின்னல் அவுந்திருக்கு பாரும்மா” என்று சொல்லிவிட்டுத் தங்கள் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்கள். சீச்சிக்கு அருவருப்பு மட்டும் போகவேயில்லை. ஒவ்வொரு பேனையும் நகத்தில் வைத்து நசுக்கும்போது சீ, சீ என்றுதான் நசுக்கினாள். ஒரு மதியம் அவள் தட்டில் ஒரு முடி கிடந்தது. பல் செட்காரர் பயந்துபோய்ப் பானையைப் பார்த்தார். சீச்சி முடியை விரலால் எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுருட்டை. “சீ” என்று தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள்.