துரையைப் பார்க்க வந்தவர்

அந்த ஊரில் பூனைகளுக்கு வரும் நோய்கள் கதவைத் தட்டிவிட்டுத்தான் வரும். பெரும்பாலும் காலை பத்து மணி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும். மனிதர்களைப் போல உடுத்தியிருக்கும். கையில் ஏதாவது ஒரு பை இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "பூனை இருக்கா?" என்று கேட்கும். கேட்காமல் உள்ளே நுழைந்த நோய் என்று அங்கே ஒன்றுகூட இல்லை.

சில நோய்களுக்கு வாசலோடு வேலை முடிந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் பூனை வளர்த்த எல்லாரும் தடுப்பூசி அட்டையைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். குட்டிகளை இரண்டே நாளில் கொண்டுபோகும் வாந்திபேதிக் காய்ச்சல் அந்த அட்டையில் தேதியைப் படிக்கும். "இந்த வருசமும் போட்டுட்டீங்க போல" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விடும். வெறிநோய் பஸ்ஸை விட்டு இறங்குவதேயில்லை. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கதவுகளைப் பார்த்துக்கொண்டே போகும்.

ஊசி இல்லாத நோய்களுக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. வந்திருப்பது யார் என்று கண்டுபிடித்து, அது நின்றுகொண்டிருக்கும்போதே முகத்துக்கு நேரே பெயரைச் சொன்னால், "மன்னிக்கணும்" என்று திரும்பிவிடும். உட்கார்ந்துவிட்டால் அப்படிப் போகாது. அதற்குப் பிறகு பெயரைச் சரியாகச் சொன்னால் எழுந்து கூடவே ஆஸ்பத்திரிக்கு வரும். தப்பாகச் சொன்னால் வேலை முடியும்வரை நாற்காலியை விட்டு எழாது. ஒரு நோயிடம் ஒரு பெயர்தான் சொல்லலாம்.

இந்தப் பெயர் சொல்லும் வேலையைத் தெரு இசக்கியம்மாளிடம் கொடுத்திருந்தது. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். படித்தது பொருளாதாரம் என்று சொல்லிப் பார்த்தாள். "எந்தப் படிப்பா இருந்தா என்னட்டி, படிப்புதானே" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நூலகத்திலிருந்து பூனை வைத்தியப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து மூன்று முறை படித்தாள். படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

தப்பு நடக்காமல் இல்லை. ஒருமுறை, சிலிண்டர் போட வந்த ஆளைப் பார்த்து "குடல்புழு" என்று சொல்லிவிட்டாள். ஆள் அவ்வளவு ஒல்லி. கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. இன்னொன்று அப்படியில்லை. பக்கத்து வீட்டு அல்போன்ஸ் அண்ணாச்சியின் வயசான பூனை ரோசியைப் பார்க்க ஒரு அம்மாள் வந்தாள். வந்ததிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். சித்திரை மாதம் என்பதால் இசக்கி "வெயில் தாகம்" என்று சொன்னாள். அது சிறுநீரக நோய். அந்த அம்மாள் பதினாலு நாள் தங்கினாள். ரோசியின் உயிர் போன அன்று, தான் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பிப் போனாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்று இசக்கி தானே போய்ச் சொன்னாள். அவர் "ம்" என்றார். அந்த "ம்" இரண்டு மாதமாக அவள் காதிலேயே இருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவள் தெருக்கோடியில் ஜெபக்கனி அக்கா வீட்டில் இருந்தாள். அங்கே தெள்ளுப்பூச்சி குடும்பத்தோடு வேனில் வந்திருந்தது. சித்தப்பா, பெரியப்பா, கைக்குழந்தை என்று நாற்பது பேர். நல்லவேளை, யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே பெயரைச் சொல்லி அனுப்பியாக வேண்டும். பாயிலும் தலையணையிலும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் வெந்நீரில் முக்கச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

வீட்டில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் நாடா கட்டிய ஃபைல். பக்கத்து ஸ்டூலில் காலி மோர் டம்ளர்கள் இரண்டு.

அம்மா பேச்சித்தாய் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மெதுவாப் பேசு. ஆபீசர் வந்திருக்காரு."

"எந்த ஆபீசரும்மா?"

"உன் சர்டிபிகேட்டப் பாக்கத்தான். வேலைக்குப் பரீச்சை எழுதுனேல்லா? கையில ஃபைலப் பாரு."

"அவரே சொன்னாரா?"

"இதப் போயி கேப்பாங்களா? நான்தான் உக்காருங்க சார்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டேன்."

இசக்கி கேட்க விரும்பாததைக் கேட்டாள். "வந்ததும் பூனை இருக்கான்னு கேட்டாரா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கேட்டாரு. வேலை குடுக்கப்போற வீட்டுல யாரு யாரு இருக்கான்னு விசாரிக்கத்தானே செய்வாங்க."

இசக்கி எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். "முன்ன போனீங்கள்லா சார், அதே பக்கந்தான்" என்றாள் அம்மா. போன வேகத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் விட்ட சத்தம் கேட்கவில்லை.

"வந்ததுலேருந்து ஏழு தடவ போயிட்டாரு. வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல போல" என்றாள் அம்மா.

துரை எங்கே என்று இசக்கி தேடினாள். துரை நாலு வயது ஆண்பூனை, மஞ்சள் நிறம். அம்மா தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும்போது லேபிள் கட்டின்மேல்தான் படுத்திருப்பான். இப்போது அங்கே இல்லை. பின்கட்டில் மணல் தட்டில் குந்தியிருந்தான். நெடுநேரம் குந்தினான். அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். இறங்கி வந்து அடிவயிற்றின் கீழே நக்கினான். மறுபடியும் தட்டில் ஏறினான். கூடத்தில் அவர் எட்டாவது தடவையாக எழுந்தார்.

"காலையிலேருந்து இப்படித்தான் முக்குதான். வெளிக்குப் போகலை" என்று அம்மா விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள்.

"அத வை. கொஞ்சம் பொறு."

பெயர் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் இருப்பவர் உண்மையாகவே ஆபீசராக இருந்தால்? சர்க்கரை உள்ளவர்களும் அடிக்கடி எழுந்து போவார்கள். சிலிண்டர்காரருக்கு ஆனதுபோல இவருக்கும் ஆகிவிட்டால் அந்த ஃபைலை மூடிக்கொண்டு போய்விடுவார். அம்மா பதினேழு வருடம் லேபிள் ஒட்டியது அந்த ஃபைலுக்காகத்தான். நோயாகவே இருந்தாலும், பெயர் மலச்சிக்கலா, நீர்க்கடுப்பா, வேறொன்றா? ஒன்றுதான் சொல்லலாம்.

அவள் கூடத்துக்குப் போனாள். "சார், எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?"

"பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து நேரா வர்றேம்மா."

"ஃபைல்ல என்ன சார் இருக்கு?"

"உங்க வீட்டு விவரம்" என்றார் அவர். பொய் சொல்கிற முகம் இல்லை. கேட்காததைச் சொல்கிற முகமும் இல்லை.

"எவ்வளவு நேரம் சார் இருப்பீங்க?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். சில வீட்ல அதுக்கு முன்னாடியே முடிஞ்சிரும்."

ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்கு மூன்று மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் மறுநாள் காலைதான். மணி ஒன்றாகியிருந்தது. இசக்கி கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். அவள் நடக்க, அவர் நடக்க, துரையும் நடந்தான். அந்தச் சின்ன வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது.

மணல் தட்டைக் கழுவித் துடைத்து, மணலுக்குப் பதில் அச்சடிக்காத வெள்ளை லேபிள் தாளை விரித்தாள். துரை ஏறினான். குந்தினான். கத்தினான். இறங்கினான். தாளை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஈரமே இல்லை. இன்னொரு தாளை விரித்தாள். அதுவும் காய்ந்தே இருந்தது. மூன்றாவது தாளின் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது.

நேற்றைய தட்டைப் பற்றி அம்மாவிடம் கேட்டாள். "நேத்து நல்லாத்தான் வெளிக்குப் போனான். நான்தானே அள்ளிப் போட்டேன்" என்றாள் அம்மா. கையில் விளக்கெண்ணெய் அப்படியே இருந்தது.

அப்போது அல்போன்ஸ் அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். யார் வீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும்.

"என்னத்தா, டிகிரி இன்னும் வாயத் திறக்கலியா?"

"நிச்சயமாத் தெரியணும்லா அண்ணாச்சி."

"எங்க வீட்டுல நிச்சயமாத்தானே சொன்னே."

இசக்கிக்குக் கண் நிறைந்தது. அவர் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றார். "மணி ரெண்டே காலு. மூணு மணி வண்டி இப்பல்லாம் அஞ்சு நிமிசம் முன்னாலயே எடுத்துருதான்" என்றார்.

அவள் துரையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடிவயிற்றில் விரல் வைத்தாள். அழுத்தவில்லை, தொட மட்டும் செய்தாள். உள்ளே எலுமிச்சம்பழம் வைத்தது போல உருண்டு, இறுகி இருந்தது. துரை அவள் கையைக் கடித்தான். துரை இதுவரை யாரையும் கடித்ததில்லை.

அவள் எழுந்து கூடத்துக்குப் போய், நாற்காலிக்கு நேரே நின்றாள். அம்மா பின்னாலேயே வந்தாள். "வேண்டாம்ட்டி. ஒருவேளை ஆபீசரா இருந்தா..." என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மூத்திர அடைப்பு" என்றாள் இசக்கி.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபைலின் நாடாவை முடிச்சுப் போட்டார். எழுந்து நின்று சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "கிளம்பலாம்மா. கூடையில கனமான துணி போடுங்க, வண்டி குலுங்கும்" என்றார்.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நோயா? அப்ப பின்னால போய் நில்லுங்க" என்றார். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றார். அம்மா மடியில் கூடையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "ஆபீசர் மாதிரியேதான்ட்டி இருந்தாரு" என்றாள். இசக்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லேபிள் பசை காய்ந்து அந்தக் கை சொரசொரவென்றிருந்தது. கூடைக்குள் துரை கத்துவதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடைக்குள் கைவிட்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் துரையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் போட்டு, உள்ளே தேங்கிக் கிடந்ததை எடுத்தார். வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரிடமிருந்து ஃபைலை வாங்கினார்.

"எப்ப வந்தீங்க?"

"பத்தேகாலுக்கு."

"இன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. நாளைக்குன்னா நான் இதுல கையெழுத்துப் போட்டிருக்க முடியாது." கையெழுத்துப் போட்டார். வந்தவர் ஃபைலை வாங்கிக்கொண்டு அம்மாவிடம், "மோர் நல்லா இருந்துச்சும்மா" என்றார். அம்மா, "ஆகட்டும் சார்" என்றாள். அவர் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த கழிப்பறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை.

துரை மூன்று நாள் அங்கே இருந்தான். இசக்கியும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் நாள் டாக்டரம்மா சீட்டு எழுதும்போது, "என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டார்.

"காய்ஞ்ச தீனிதான் மேடம். பாக்கெட்ல வருமே, அதான் நல்லதுன்னு நான்தான் வாங்கினேன்" என்றாள் இசக்கி. "தண்ணி ஒரு டப்பா மூடியில வைப்போம். எவ்வளவு குடிச்சான்னு நான் பாத்ததில்ல."

"ஈரமாக் குடுங்க. மீனை வேகவச்சு, உப்புப் போடாம, அந்தத் தண்ணியோடயே குடுங்க. தட்டைத் தினமும் அள்ளுங்க, அவன் போறானான்னு பாருங்க. இவனுக்கு இது மறுபடி வரும், வாசல்லயே கண்டுபிடிச்சிருங்க." பிறகு கீழே இன்னொரு வரி எழுதினார். "நின்ன தண்ணிய இவன் குடிக்க மாட்டான். இதை மருந்து குடுக்கிற ஜன்னல்ல வாங்கிக்கங்க."

மருந்து கொடுக்கிற ஜன்னலில் இருந்தவர் சீட்டைப் படித்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஓடையை இழுத்தார். முழங்கையில் வைத்து பத்து முழம் அளந்தார். பிளேடால் நறுக்கி, செய்தித்தாளில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

"தலை எது, வாலு எதுன்னு பாத்து விரிங்க. மாத்தி விரிச்சா அடுப்படிக்குள்ள ஏறிரும்."

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் தலையை வைத்துக் கூடத்தின் நடுவாகப் பின்வாசல் வரைக்கும் விரித்தார்கள். செய்தித்தாள் நனைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. லேபிள் கட்டுகளை அம்மா சுவரோரமாக உயர்த்தி வைத்தாள். துரை கரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். முன்னங்காலை விட்டு எடுத்தான். பிறகு குனிந்து, நிறுத்தாமல் குடித்தான். அரைமணி கழித்துத் தட்டில் ஏறினான். இசக்கி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போனதும் ஓடிப்போய்க் கிளறிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருந்தது.

"எம்மா, போயிட்டான்!" என்று கூவினாள்.

அம்மா அக்கரையில் கயிற்றுக்கட்டிலைத் தூக்கி நிறுத்தியபடி இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

"இத எந்தக் கரையில போடட்டும்?" என்று கேட்டாள்.

"துரை இருக்கிற கரையில" என்றாள் இசக்கி. பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு, கட்டிலின் மறுபக்கத்தைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கினாள்.