பார்த்தால் இரட்டிக்கும் கேக்

பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் ஓடும்போது, முன்கடையிலிருந்து அடுப்பறைக்கு ஆர்டரைக் கத்தித்தான் சொல்லியாக வேண்டும். கத்திக் கத்தியே அக்காவின் தொண்டை கட்டிப்போயிற்று. குரலுக்கு ஓய்வு கொடுத்தே தீர வேண்டும் என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னார். நிரல் எழுதிப் பிழைக்கும் தங்கை, முன்கடையில் ஒரு கணினியும் அடுப்பறையில் ஒரு திரையும் வைத்துக்கொடுத்தாள்; இங்கே தட்டும் ஆர்டர் அங்கே தெரியும்.

முதல் நாளே, ஒரு கேக் கேட்டவருக்கு இரண்டு வெந்து வந்தன.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா திரையக் கழட்டிடுவேன்மா," என்றார் அத்தான், முழங்கைவரை மாவோடு. "உங்கக்கா பழையபடி கத்தட்டும்."

"கத்த எங்கடி இருக்கு தொண்டை?" என்று அக்கா தங்கையிடம் கிசுகிசுத்தாள்.

தங்கை, காலையிலிருந்தே திறந்துவைத்திருந்த தன் மடிக்கணினியில் ஒவ்வோர் ஆர்டரையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். எல்லாம் இரண்டிரண்டாகவே வந்தன. அலுத்துப்போய் மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பும்வரை ஒன்றுக்கு ஒன்றே வந்ததாம்.

"நீ பாத்தாதான் ரெண்டாகுது," என்றார் அத்தான். "கண்ணு வெக்காம இரு தாயே."

சிரிக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஆர்டர்களைக் கொண்டுபோக அவள் எழுதியிருந்த நிரல் ஓடை, எத்தனை இடத்தில் இணைக்கிறோமோ அத்தனை முறை ஊற்றிலிருந்து புதிதாகப் புறப்படும் வகை. திரைக்காக ஒரு முறை 'சப்ஸ்கிரைப்' செய்து இணைத்திருந்தாள்; ஒழுங்காகப் போகிறதா என்று வேவு பார்க்க, தனக்காக இன்னொரு முறை. ஆர்டரும் இரு முறை கிளம்பியது. பார்த்தது பிழையன்று, அதற்கெனத் தனிவாய்க்கால் வெட்டியதே பிழை.

அந்த வாய்க்காலைத் தூர்த்தாள். ஓடையின் போக்கிலேயே 'டேப்' என்னும் சிறு கட்டளையைச் செருகினாள். அது கடந்துபோவதைக் காட்டும், கூட்டாது, குறைக்காது.

மடிக்கணினி திறந்தே இருக்க, அக்கா அடுத்த ஆர்டரை அனுப்பினாள். இங்கே ஒரு வரி. அடுப்பறையிலும் ஒரே வரி.

சற்று நேரத்தில் அத்தான் எட்டிப்பார்த்தார். "என்ன, சத்தத்தையே காணோம்? கோவமா?"

அக்கா இல்லையென்று தலையசைத்தாள்.

"ஒண்ணுதான் வந்துது, சரியாத்தான் இருக்கு," என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். அடுத்த ஆர்டருக்கும் வந்து எட்டிப்பார்த்தார். அதற்கடுத்ததற்கும்.

அக்கா கணினியை இழுத்துவைத்துத் தட்டினாள். அடுப்பறைத் திரையில் அது பெரிய எழுத்தில் விழுந்தது: 'உயிரோடதான் இருக்கேன். வேலையப் பாருங்க.'