பத்து டிகிரி குறைவு

பரவைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சட்டைக் கம்பெனியில் பியூசிங் மெஷினுக்கு இரண்டு முனை. ஒரு முனையில் நாகஜோதி நின்று, காலர் துணியின் மேல் பசை தடவிய கேன்வாஸை வைத்து பெல்ட்டில் அனுப்புவாள். உள்ளே சூட்டில் பசை இளகி, உருளை அழுத்த, இரண்டும் ஒன்றாக ஒட்டி மறுமுனையில் வந்து விழும். அங்கே நின்று எடுப்பவள் சரண்யாதேவி. காலர் விறைப்பாக நின்றால் நாம் போட்டிருப்பவனைத்தான் மெச்சுவோம், வேறென்ன.

சரண்யாதேவிக்கு ஆறு மாதம். துப்பட்டாவை அகல விரித்து மறைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தால், "வீட்டுல போயி ரெஸ்ட் எடும்மா" என்று பாசமாக அனுப்பிவைப்பார்கள். அப்புறம் கூப்பிடவே மாட்டார்கள். புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது. இந்த வேலைதான் அவளுக்குச் சோறு. விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாகஜோதி.

சித்திரை வெயில், தகரக் கூரை, அதற்குக் கீழே மெஷின் கக்கும் அனல். இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றால் சூப்பர்வைசர் சிவனாண்டி ஏன் எதற்கு என்று நோண்டுவார். ஒருநாள் சரண்யாதேவி கண் சொருகி பெல்ட் மேலேயே சாயப் போனாள். நாகஜோதி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

மறுநாள் காலை சிவனாண்டி வழக்கம்போல முதல் காலரை இழுத்துப் பார்த்து, "ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நாகஜோதி சூட்டைப் பத்து டிகிரி குறைத்தாள். வந்த காலரை நகத்தால் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. நிம்மதியாகிவிட்டாள்.

"இன்னைக்கு அம்புட்டு அனல் இல்லக்கா," என்றாள் சரண்யாதேவி.

"கொறச்சு வச்சிருக்கேன். வாயத் தொறந்துறாத."

அந்த ஆர்டர் முழுக்க அப்படியே ஓடியது. ஆனால் பசையின் யோக்கியதை நகத்துக்குத் தெரியாது, தண்ணீருக்குத்தான் தெரியும். வாங்கியவர்கள் துவைத்துப் பார்த்தார்கள். காலர் முழுக்கக் கொப்புளம்; சூடு போதாமல் பசை விட்டிருந்தது. அத்தனை சட்டையும் லாரியில் திரும்பி வந்து வாசலில் இறங்கியது.

சிவனாண்டி இருவரையும் மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சூட்டைக் கொறச்சது யாரு?" என்றார் மேனேஜர்.

நாகஜோதி வாயைத் திறக்கவில்லை. யார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அந்தப் பிள்ளை தெருவில் நிற்கும். பழியை மெஷின் தலையில் கட்டிவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"அப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க."

சரண்யாதேவி துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். "அக்காதான் சார் கொறச்சாக. எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். சரண்யாதேவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தேன் சார். எனக்குத்தான் சூடு தாங்கல," என்றாள் நாகஜோதி.

"தாங்காதவ எதுக்கு வேலைக்கு வந்த? கெளம்பு."

நாகஜோதிக்குச் சரண்யாதேவி மேல் கோபம் பொங்கியது. அவள் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்போம் என்று தோன்றியதும் கோபமும் போய்விட்டது. அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

நாகஜோதி சாப்பாட்டுப் பையை எடுக்க உள்ளே போனபோது அவள் நின்ற முனையில் வேறொருத்தி நின்றிருந்தாள். சிவனாண்டி மெஷினின் சூட்டுப் பட்டனை அழுத்திக்கொண்டே, "இனிமே பழைய சூட்டுக்கு மேலயே கூட்டி வச்சிருவோம், வம்பே வேணாம்," என்றார். பிறகு பட்டன் பெட்டியை மூடிப் பூட்டினார். மறுமுனையில் சரண்யாதேவி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, வரப்போகும் காலருக்குக் கையை நீட்டினாள்.